பாறுகள் மரத்தில் இருந்தால்

அன்புள்ள ஐயா,

டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில் நான்கு நாட்கள் இருந்தோம். சிறுத்தை கண்ணில் படவேயில்லை. ஒருநாள் காலை பதினொரு மணிக்கு, ஒரு மரம் நிறையப் பிணந்தின்னிக் கழுகுகள் மட்டும் உட்கார்ந்திருந்தன. மகள் இன்னும் கொஞ்சம் இருக்கலாம் என்றாள். பார்க்க ஒன்றுமில்லை என்று கிளம்பிவிட்டோம். அடுத்த முறைக்கு எந்த பைனாகுலர் வாங்கலாம்?

முரளி

அன்புள்ள முரளி,

எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும், 42 மி.மீ. முன்வில்லை கொண்ட 8×42 வாங்குங்கள், போதும். டிசம்பர் அங்கே மழைக்காலம். புல் உயர்ந்து நிற்கும்போது சிறுத்தை தென்படாதது யார் குற்றமுமல்ல. ஆனால் ‘பார்க்க ஒன்றுமில்லை’ என்று எழுதினீர்களே, அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

விடிகாலையில் பாறுகள், அதாவது நீங்கள் சொன்ன பிணந்தின்னிக் கழுகுகள், மரத்தில் இருப்பது இயல்பு. தரை சூடாகி வெப்பக்காற்று மேலெழும்வரை அந்தக் கனத்த உடலைத் தூக்கிக்கொண்டு அவை பறப்பதில்லை. பதினொரு மணிக்கும் கூட்டமாக மரத்திலேயே இருந்தால், பெரும்பாலும் கீழே இரை கிடக்கிறது, அதை அடித்த விலங்கு இன்னும் அகலவில்லை என்று பொருள். நீங்கள் நான்கு நாட்களாகத் தேடியதே அந்தப் புல்லுக்குள் படுத்திருந்திருக்கலாம்.

அதே க்ரூகரில், சத்தாரா முகாமுக்குக் கிழக்கே, எஸ் 100 மண்சாலையில், நானும் ஒருமுறை அப்படிக் கிளம்பப் பார்த்தவன்தான். வண்டியோட்டியவர் சாவியைத் திருப்ப மறுத்துவிட்டார். இரண்டு மணிநேரம் கழித்து இரு பெண் சிங்கங்கள் எழுந்து தண்ணீருக்கு நடந்தன. அவை மறைவதற்குள் வெண்முதுகுப் பாறுகள் சிங்கங்கள் அடித்துப் போட்டிருந்த வரிக்குதிரையின் மேல் பொத்பொத்தென்று விழுந்தன. ஒன்று இறங்குவதைத் தொலைவில் பறக்கும் இன்னொன்று பார்க்கிறது, அதை வேறொன்று. மோப்பத்தால் அல்ல, கண்ணால்தான் அவ்வளவு பேரும் வந்து சேர்கிறார்கள். கடைசியாக, சிவந்த மொட்டைத் தலையில் தோல்மடிப்புகள் தொங்கும் பெரும்பாறு ஒன்று இறங்கித் தத்தித் தத்தி வந்தது. மற்றவை விலகி வழிவிட, தடித்த தோலை ஒரே இழுப்பில் கிழித்தது.

பாறுகள் சொல்வது உங்களுக்குப் புரியவில்லை, தந்தத் திருடர்களுக்கு நன்றாகப் புரிந்திருக்கிறது. வட்டமிடும் பாறுகளை வைத்து வனக்காவலர்கள் யானையைக் கொன்ற இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால், அவர்கள் யானைச் சடலத்தில் நஞ்சு கலக்கிறார்கள். 2019 ஜூனில் போட்ஸ்வானாவில், நஞ்சிட்ட மூன்று யானைச் சடலங்களால் 537 பாறுகள் செத்தன. வெண்முதுகுப் பாறு ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும்.

பிணந்தின்னி என்று இனி எழுதாதீர்கள். சங்கப் பாடல்களிலேயே பாறு என்ற அழகான பெயர் இருக்கிறது. பைனாகுலரை வாங்கியதும் மகளிடம் கொடுத்துவிடுங்கள். எப்போது கிளம்புவது என்பதையும் அவளே சொல்லட்டும்.