14 மாசமாச்சு, பையன் இன்னும் பேசல, எல்லாத்துக்கும் கையையே காட்டுறான். கவலைப்படணுமா?

நீங்க எழுதியிருக்கறத வச்சுப் பாத்தா, 'ம்மா' தவிர வேற வார்த்தை இல்ல, எது வேணும்னாலும் விரல நீட்டி "ஊ ஊ"ங்கறான், மாமியார் வேற நாக்குல வசம்பு தடவச் சொல்றாங்க. விரல் நீட்டுறான்ல, அதைக் கேட்டதுமே எனக்குப் பாதி கவலை போச்சு.

பேச்சுக்கு முன்னாடி கைதான் வரும். தூக்கச் சொல்லி ரெண்டு கையையும் மேல தூக்குறது 9 மாசம் வாக்குல, டாட்டா காட்டுறது ஒரு வயசு வாக்குல, விரல் நீட்டுறதும் அதை ஒட்டி முன்னப்பின்ன வரும். (பிள்ளைத்தமிழ்ல கை கொட்டுற சப்பாணிப் பருவத்த 9ஆம் மாசத்துலதான் வச்சிருக்காங்க, பாடுனவங்க குழந்தைங்கள நல்லா கவனிச்சிருக்காங்க போல.)

ஆனா விரல் நீட்டுறதுலயே ரெண்டு வகை இருக்கு, 1970கள்லயே குழந்தைங்க பேச்ச ஆராய்ஞ்ச எலிசபெத் பேட்ஸும் அவங்க கூட வேலை பாத்தவங்களும் பிரிச்சு சொல்லிட்டாங்க. ஒண்ணு "அதை எடுத்துக் குடு". இன்னொண்ணு "அங்க பாரேன்!". ரெண்டாவதுதான் முக்கியம், ஏன்னா அதுல குழந்தைக்கு எந்தப் பொருளும் வேண்டாம், நீங்க அதைப் பாக்கணும், அவ்ளோதான் அதுக்கு வேணும். என் பொண்ணு அந்த வயசுல கரண்ட் வந்து ஃபேன் சுத்த ஆரம்பிச்சா போதும், விரல மேல நீட்டுவா, உடனே திரும்பி என் மூஞ்சியப் பாப்பா, நானும் ஃபேனைப் பாத்துட்டு "ஆமாடி, ஃபேன் சுத்துது"ன்னு சொல்ற வரைக்கும் விரல் கீழ இறங்காது. நான் அடுப்பப் பாத்துக்கிட்டே "ம்ம்"னு சொன்னா ஏமாறவே மாட்டா.

இதையே ஜெர்மனியில லைப்சிக்ல 12 மாசக் குழந்தைங்கள வச்சு சோதிச்சுப் பாத்திருக்காங்க, 2004ல வந்துச்சு. திரைக்குப் பின்னாடி இருந்து பொம்மை எட்டிப் பாக்கும், குழந்தை விரல நீட்டும். கூட இருக்கற பெரியவங்க பொம்மையையும் பாத்து குழந்தையையும் பாத்து பேசுனா குழந்தைக்குத் திருப்தி. பொம்மைய மட்டும் பாத்தாலோ, குழந்தைய மட்டும் கொஞ்சுனாலோ பத்தாது, மறுபடி மறுபடி நீட்டும்.

சரி, இதுக்கும் பேச்சுக்கும் என்ன சம்பந்தம்னா, அவன் நீட்டுறப்ப நீங்க அதுக்குப் பேர் சொல்றீங்க பாருங்க, அங்கதான் வார்த்தை உள்ள போகுது, அவனே கேட்டு வாங்குன வார்த்தை அது. சிகாகோ பக்கம் 50 குடும்பங்கள்ல 14 மாசக் குழந்தைங்கள வீட்டுலயே வீடியோ எடுத்துப் பாத்ததுல, அப்ப கையால நிறைய விஷயம் சொன்ன குழந்தைங்களுக்கு நாலரை வயசுல வார்த்தையும் அதிகமா இருந்துச்சு (ரோ, கோல்டின்-மெடோன்னு ரெண்டு ஆய்வாளர்கள், 2009). ரெண்டு வார்த்தைய சேக்கறதும் மொதல்ல கையிலதான் நடக்கும். அப்பா செருப்ப விரலால காட்டி "ப்பா"ன்னு சொன்னா, அது 'அப்பா செருப்பு'ங்கற முழு சேதி, பாதி விரல்ல, பாதி வாயில. அப்ப நீங்க "ஆமா, அப்பா செருப்பு"ன்னு முழுசா சொல்லிடுங்க, போதும். "வாயத் தொறந்து கேட்டாத்தான் தருவேன்"னு பிடிவாதம் பிடிக்காதீங்க, எங்க வீட்டுலயும் ஒரு சித்தப்பா இந்த வைத்தியம் பாத்தார், பொண்ணு அழுததுதான் மிச்சம்.

காக்கா காட்டி சோறு ஊட்டுறதும் இதே வேலைதான், ரெண்டு பேரும் ஒரே காக்காவப் பாக்கறீங்க. ஃபோனைக் கையில குடுத்து ஊட்டுறப்ப அவன் மட்டும்தான் பாக்கறான், யார்கிட்ட எதைக் காட்டுவான்?

பேபி சைன் கிளாஸ்னு, பேச்சு வர்றதுக்கு முன்னாடியே குழந்தைக்குக் கைச்சைகை சொல்லித் தர்ற கிளாஸ், விளம்பரம் வரும், சேந்தா விளையாட்டுக்கு ஓகே. ஆனா இங்கிலாந்துல 40 குழந்தைங்கள 8 மாசத்துலேர்ந்து 20 மாசம் வரைக்கும் பாத்த ஆய்வுல (2013), சைன் கத்துக்கிட்டதால பேச்சு சீக்கிரம் வரல. வசம்பும் வேண்டாம், எங்க டாக்டர் கண்டிப்பா கூடாதுன்னுட்டார்.

எப்ப டாக்டர்கிட்ட போகணும்னா, ஒன்றரை வயசாகியும் "அங்க பாரேன்"னு எதையும் காட்டல, பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பல, உங்க மூஞ்சியப் பாக்காம உங்க கைய மட்டும் புடிச்சு இழுத்துட்டுப் போய் பொருள் மேல வைக்கறான், இப்படி இருந்தா தள்ளிப் போடாம போயிடுங்க. முன்னாடி டாட்டா காட்டிட்டு இருந்தவன் திடீர்னு நிறுத்திட்டாலும் அப்படித்தான், எந்த வயசா இருந்தாலும் சரி. 16 மாசத்துக்கு மேல ஆட்டிசம் அறிகுறி இருக்கான்னு பாக்க எம்-சாட்னு ஒரு கேள்வித்தாள் குடுப்பாங்க, அதுலயும் விரல் நீட்டுறதப் பத்திக் கேள்வி இருக்கும்.

இன்னொண்ணு, கை காட்டுறான்ங்கறதுக்காக காது நல்லா கேக்குதுன்னு முடிவு பண்ணிடாதீங்க. காது கேக்காத குழந்தைங்களும் சூப்பரா கை காட்டும். பொறந்தப்ப காது டெஸ்ட் எடுக்கலைன்னா, இல்ல எடுத்தாங்களான்னே ஞாபகம் இல்லைன்னா, அடுத்த தடுப்பூசிக்குப் போறப்பவே பெரா (BERA) டெஸ்டுக்கு, அதாவது குழந்தைக்குக் காது கேக்குதான்னு பாக்கற டெஸ்டுக்கு, எழுதிக் கேளுங்க.