சைக்கிளில் விழும் பெரியவர்கள்: அவசரச் சிகிச்சை மருத்துவரின் பதில்கள்

கோவையில் ஒரு மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஓய்வு கிடைக்கும் காலைகளில் சிறுவாணிச் சாலையில் சைக்கிள் ஓட்டுவேன். சைக்கிளில் விழுந்து அடிபடும் பெரியவர்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் என் துறைக்குள் அடங்குபவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஈரோடு வாசகர்: சைக்கிள் விபத்துகள் உண்மையிலேயே கூடியிருக்கின்றனவா? அல்லது நாம்தான் இப்போது அதிகமாகக் கேள்விப்படுகிறோமா?

அமெரிக்காவில் இதை முறையாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். 1998 முதல் 2013 வரை அங்குள்ள அவசரச் சிகிச்சைப் பிரிவுகளுக்குச் சைக்கிள் காயத்தோடு வந்த 18 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பற்றிய ஆய்வு 2015இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வெளியானது. அந்தக் காலத்தில், 1 லட்சம் பேருக்கு 96 ஆக இருந்த காயங்கள் 123 ஆகின. ஏறத்தாழ கால் பங்கு உயர்வு. ஆனால் உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டிய நிலையில் வந்தவர்கள் 1 லட்சத்துக்கு 5.1இலிருந்து 11.2 ஆகிவிட்டார்கள். இரு மடங்குக்கும் மேல்.

காயம் கால் பங்கு கூடினால் படுக்கை ஏன் இரட்டிப்பாக வேண்டும்? விடை வயதில் இருக்கிறது. காயம்பட்டவர்களில் 45 வயதைத் தாண்டியவர்களின் பங்கு 23 சதவீதத்திலிருந்து 42 சதவீதமாக உயர்ந்தது. தலைக்காயங்களின் பங்கும் 10இலிருந்து 16 சதவீதமானது. இருபத்தைந்து வயதில் விழுந்தவன் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போகும் அதே விழுகை, ஐம்பத்தைந்து வயதில் இடுப்பெலும்பை முறிக்கிறது. எலும்பு நலிந்திருக்கிறது, கையூன்றித் தாங்கும் வேகம் குறைந்திருக்கிறது, சர்க்கரையோ இதய நோயோ கூட இருக்கிறது.

நம் பக்கத்தில் இந்த வயதில் இரண்டு வகையினரைப் பார்க்கிறேன். ஒருவர், சைக்கிளை விடவே விடாதவர். பால் ஊற்ற சொசைட்டிக்கும், தறிக்கும், வாரச் சந்தைக்கும் அதிலேயே போகிறவர். அவர் பழகிய ஊர்ப்பாதை இன்று நாற்கரச் சாலையாகிவிட்டது. பெருந்துறையிலும் அவிநாசியிலும் சேலம்–கொச்சி நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்க வேண்டியிருக்கிறது. அவரை வண்டி இடிக்கிறது. மற்றவர், சர்க்கரை இருப்பது தெரிந்த பிறகு கியர் சைக்கிள் வாங்கி ஆனைகட்டிப் பக்கம் கிளம்பியவர். அவர் பெரும்பாலும் தானாக விழுகிறார்: குழி, மணல், நாய், இறக்கம். நாட்டின் சாலை விபத்து அறிக்கை காவல்துறைப் பதிவுகளிலிருந்து தயாராவது. தானாக விழுந்து வீட்டுக்குப் போனவருக்கு அதில் இடமில்லை. ஆகவே அறிக்கையைப் பார்த்து நம் ஊரில் சைக்கிள் காயம் குறைவு என்று யாரும் நிம்மதி அடைய வேண்டாம்.

தாராபுரம் வாசகி: என் அப்பாருக்கு 72 வயது. நேற்றுப் பால் ஊற்றிவிட்டு வரும்போது வாய்க்கால் மேட்டில் விழுந்துவிட்டார். பின்தலையில் சின்ன வீக்கம். தெளிவாகப் பேசுகிறார், சாப்பிட்டார். இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்கிறார்.

அம்மிணி, இதைப் படித்ததும் வண்டி பிடியுங்கள். ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனைக்கு இன்றே அழைத்துப் போங்கள். மாத்திரை அட்டைகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

மற்றவர்களும் இதை நன்றாகப் படிக்க வேண்டும். தெளிவாகப் பேசுகிறார் என்பது தலைக்குள் ரத்தம் கசியவில்லை என்பதற்குச் சான்று ஆகாது. மண்டையோட்டுக்கும் மூளையின் மேலுறைக்கும் நடுவே ரத்தக்குழாய் கிழிந்தால், அடிபட்டவர் எழுந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, எப்படி விழுந்தேன் என்று கதை சொல்லிவிட்டு, சில மணி நேரம் கழித்து மயங்குவார். வயதானவர்களிடம் வேறொரு வகையும் உண்டு. மூளை சற்றுச் சுருங்கியிருப்பதால் மெல்லிய ரத்தநாளங்கள் இழுபட்டு அறுந்து, கசிவு வாரக்கணக்கில் சேரும். மூன்று வாரம் கழித்து நடை தள்ளாடும், பேச்சுக் குழறும், பெயர்கள் மறக்கும். வயதாகிவிட்டது என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். விழுந்தது எல்லோருக்கும் மறந்தே போயிருக்கும்.

இதய மாத்திரைகளில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் போன்றவை ரத்தம் உறைவதைத் தடுப்பவை. அவற்றைச் சாப்பிடுபவருக்குச் சிறிய கசிவும் எளிதில் நிற்காது. சைக்கிள் ஓட்டும் அப்பா, அப்பிச்சி, மாமா யாராக இருந்தாலும் அவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். மயங்கிய நிலையில் வருபவரிடம் நாங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது.

திருப்பூர் வாசகர்: முப்பதாயிரத்துக்குள் நல்ல சைக்கிள் எது?

கடைக்காரரைக் கேளுங்கள். பிரேக் பிடிக்கிறதா என்பதை மட்டும் நீங்களே ஓட்டிப் பாருங்கள்.

பொள்ளாச்சி வாசகர்: சைக்கிளுக்குத் தலைக்கவசம் அவசியமா? சட்டம் கேட்கவில்லையே. நெதர்லாந்தில் யாரும் போடுவதில்லை என்கிறார்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் தலைக்கவசப் பிரிவு மோட்டார் சைக்கிளுக்கானது. மிதிவண்டி அதில் வராது. எனவே காவலர் உங்களை நிறுத்த மாட்டார். ஆனால் 2016இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, 64,000க்கும் மேற்பட்ட காயம்பட்ட சைக்கிளோட்டிகளின் விவரங்களை ஒன்றாக்கிப் பார்த்தது. கவசம் அணிந்தவர்களுக்குக் கடுமையான தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 69 சதவீதம் குறைவு. நெதர்லாந்தில் சைக்கிளுக்குத் தனிப்பாதை இருக்கிறது. பொள்ளாச்சிச் சாலையில் உங்கள் பக்கத்தில் தேங்காய் லாரி போகிறது. போடுங்கள். ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தைத் தூக்கி எறிந்துவிடுங்கள். உள்ளே நுரை நசுங்கியிருப்பது வெளியே தெரியாது.

கோபி வாசகர்: உள்ளங்கை ஊன்றி விழுந்தேன். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்றார்கள். ஒரு வாரமாகியும் கட்டைவிரல் அடியில் வலி இருக்கிறது. எங்கள் பக்கத்தில் எண்ணெய்க்கட்டுப் போட்டுக்கொள்ளலாமா?

கட்டைவிரலை மேலே நிமிர்த்தினால் மணிக்கட்டின் ஓரத்தில், இரண்டு நரம்புகள் போலத் தெரியும் தசைநாண்களுக்கு நடுவே ஒரு பள்ளம் தெரியும். அங்கே அழுத்தினால் வலிக்கிறதா? வலித்தால், முதல் எக்ஸ்ரே என்ன சொன்னாலும், ஸ்கேஃபாய்டு என்ற சிறு எலும்பு முறிந்திருப்பதாக எண்ணித்தான் நடத்த வேண்டும். அந்த முறிவு முதல் படத்தில் மறைந்திருப்பது வழக்கமான செய்தி. மணிக்கட்டைக் கட்டை விரலோடு அசையாமல் வைத்து, 10 முதல் 14 நாளில் மறுபடி எக்ஸ்ரே எடுக்க வேண்டும், வசதியிருந்தால் எம்.ஆர்.ஐ. அந்த எலும்புக்கு ரத்தம் விரல் பக்கத்து முனையிலிருந்து பின்னோக்கி வருகிறது. முறிவைக் கவனிக்காமல் விட்டால் ரத்தம் எட்டாத பாதி செத்துப்போகும். எண்ணெய்க்கட்டு இப்போது வேண்டாம்.

பவானி வாசகர்: நாங்கள் மூன்று தலைமுறையாகக் கட்டுப் போடும் குடும்பம். எங்களிடம் வந்து குணமானவர்களைக் கொண்டுவந்து நிறுத்தட்டுமா? ஒரே வரியில் வேண்டாம் என்று தள்ளுவது நியாயமா?

நியாயமான கேள்வி, விரிவாகவே சொல்கிறேன். விலகாத எலும்பு முறிவு, அசையாமல் இருந்தால் தானாகக் கூடும். அது உடலின் வேலை. மூங்கில் தப்பை வைத்து, உளுந்து மாவும் முட்டை வெள்ளைக்கருவும் தடவித் துணி சுற்றினாலும் கூடும், மாவுக்கட்டிலும் கூடும். உங்களிடம் குணமானவர்கள் இருப்பதை நான் நம்புகிறேன். எனக்குள்ள மறுப்பு வேறு. எது விலகாத முறிவு, எது மூட்டுக்குள் போன முறிவு, எங்கே நரம்பு நசுங்கியிருக்கிறது என்பதைக் கையால் தடவிப் பார்த்து எப்போதும் கண்டுபிடிக்க முடியாது. எனக்கும் முடியாது. அதனால்தான் படம் எடுக்கிறோம்.

நம்பியூர் வாசகர்: ஆஸ்பத்திரிக்குப் போனால் உடனே பிளேட் வைக்க வேண்டும் என்கிறார்கள். அந்தப் பயத்தில்தானே மக்கள் கட்டுக்குப் போகிறார்கள்?

அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது, மறுக்க மாட்டேன். சைக்கிளில் தோள் மோதி விழுபவர்களின் காறை எலும்பு (கழுத்தடியிலிருந்து தோளுக்குப் போகும் எலும்பு) நடுவில் முறிவது மிகச் சாதாரணம். அவற்றில் பெரும்பகுதி கையைத் தூக்குத்துணியில் தொங்கவிட்டாலே கூடும். அறுவை வேண்டும் என்று யாராவது சொன்னால், “செய்யாவிட்டால் என்ன ஆகும்?” என்று நேராகக் கேளுங்கள். பதில் திருப்தி தராவிட்டால் படத்தை வாங்கிக்கொண்டு இன்னொரு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். அது உங்கள் உரிமை.

பவானி வாசகர் மீண்டும்: படம் எடுத்து வந்தால் நாங்கள் கட்டலாம் என்கிறீர்களா?

அப்படிச் சொல்லவில்லை. ஆனால் உங்களிடம் வருகிறவர்கள் வரத்தான் போகிறார்கள் என்பதால், கட்டு இறுகினால் என்ன நடக்கும் என்பதை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். முறிந்த கை முதல் இரண்டு நாளில் வீங்கும். சுற்றியிருக்கும் துணி விரியாது. உள்ளே அழுத்தம் ஏறி, தசைக்கு ரத்தம் போவது நிற்கும். ஆறு மணி நேரம் அப்படியே இருந்தால் தசை மீளாது. விரல்கள் பறவையின் கால்நகம் போல மடங்கி இறுகிய கையோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சிலருக்குக் கையையே எடுக்க வேண்டி வந்தது. கட்டியபின் விரலை மெதுவாக நிமிர்த்தினால் பொறுக்க முடியாத வலி, மரத்துப்போதல், விரல் வெளுத்துக் குளிர்தல், இவற்றில் ஒன்று இருந்தாலும் கட்டை அப்போதே அவிழ்த்து மருத்துவமனைக்கு அனுப்புங்கள். வலி என்றால் பொறுத்துக்கொள், எலும்பு கூடுகிறது என்று சொல்லாதீர்கள். என் கோபமெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான். தோல் கிழிந்து எலும்பு தெரியும் காயத்தின் மேலோ, முழங்கையின் மேலோ கைவைக்கவே வேண்டாம்.

அந்தியூர் வாசகர்: எக்ஸ்ரே நார்மல், ஆனால் வலிக்கிறது...

கோபி வாசகருக்கு எழுதியதைப் படியுங்கள். இதே கேள்வியை அனுப்பிய மற்றவர்களுக்கும் அதுவே பதில்.

பல்லடம் வாசகர்: ஹேண்டில்பார் முனை வயிற்றில் குத்தியது. வட்டமாகக் கன்றியிருக்கிறது, வேறொன்றுமில்லை.

வேறொன்றுமில்லை என்பது உங்களுக்குத் தெரியாது. அந்தச் சிறு வட்டத்தின் பின்னால் கல்லீரல், மண்ணீரல், கணையம், முன்சிறுகுடல் முதுகெலும்பின் மேல் நசுங்கியிருக்கலாம். கணையக் காயம் முதல் நாளில் அமைதியாக இருந்துவிட்டு, மறுநாள் வாந்தியும் முதுகுவரை போகும் வலியுமாக வரும். இடது தோள்பட்டை நுனியில் காரணமில்லாமல் வலித்தால் மண்ணீரலிலிருந்து ரத்தம் கசிகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். இன்றே போய் வயிற்றைக் காட்டுங்கள்.

கரூர் வாசகர்: மாமனாருக்குத் தலையில் அடி. நன்றாகத்தான் பேசுகிறார். தலைவலிக்கு என்ன மாத்திரை கொடுக்கலாம்?

மாத்திரை கொடுக்காதீர்கள். தாராபுரம் வாசகிக்கு எழுதியதை முழுதாகப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். இதே கேள்வி வேறு வேறு உறவுமுறைகளில் வந்துகொண்டே இருக்கிறது. பதில் மாறாது.

சோமனூர் வாசகி: இரவு ஷிஃப்ட் முடிந்து தறியிலிருந்து கணவர் சைக்கிளில் வருகிறார். விளக்கு இல்லை. யாராவது இடித்துவிட்டால் செலவுக்கு எங்கே போவோம்?

முதலில் இடிபடாமல் இருக்கட்டும். பின் மட்கார்டிலும் பெடலிலும் ஒளி திருப்பும் நாடா ஒட்டுங்கள். பின்னால் ஒரு சிவப்பு விளக்கு மாட்டுங்கள். மேலும் கீழும் போகும் பெடலின் ஒளி ஓட்டுநரின் கண்ணை இழுக்கும். இரவு ஷிஃப்ட் வைக்கும் முதலாளிகளே இதை வாங்கித் தர வேண்டும்.

செலவைப் பற்றி: தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளும் அடங்கும். 108ஐ அழைக்கத் தயங்காதீர்கள். தூக்கிவிடும் வழிப்போக்கர்கள் போலீஸ் கேஸுக்குப் பயப்படவும் தேவையில்லை. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவர்களைக் காக்கிறது.

அவிநாசி வாசகர்: முட்டியில் சிராய்ப்பு. டி.டி. ஊசி போட வேண்டுமா?

சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு மண் போகும்வரை கழுவுங்கள். தடுப்பூசிகளை முழுமையாகப் போட்டவர் என்றால், சுத்தமான சிறு காயத்துக்குக் கடைசி ஊசி 10 ஆண்டுக்குள் இருந்தால் போதும். மண், சாணி பட்ட காயத்துக்கு 5 ஆண்டு. எப்போது போட்டது என்று நினைவில்லாவிட்டால் போட்டுக்கொள்ளுங்கள்.