பராமரிப்பவரே களைத்துவிட்டால் கடற்கரை உதவுமா?

கேள்வி: நான் திருகோணமலையில் அரசாங்க வைத்தியசாலை ஒன்றில் 17 ஆண்டுகளாகத் தாதிய உத்தியோகத்தராகக் கடமையாற்றுகிறேன். வீட்டில், பாரிசவாதத்தால் ஒரு பக்கம் இயங்காத மாமியையும் நானே பார்க்கிறேன். சில மாதங்களாக நோயாளர்கள் கூப்பிட்டாலே எரிச்சல் வருகிறது. பிறகு அதை நினைத்து வெட்கப்படுகிறேன். இயற்கைச் சூழலில் இருந்தால் மனக்களைப்பு ஆறும் என்று கேள்விப்பட்டு, மாமியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இரண்டு ஞாயிறு உப்புவெளிக் கடற்கரைக்குப் போனேன். திரும்பியபோது முன்னைவிடக் களைத்திருந்தேன். என் போன்றவர்களுக்கு இது பலிக்காதா?

பதில்: சகோதரி, பலிக்கும். ஆனால் அந்த இரண்டு ஞாயிறும் உங்களுக்குக் கிடைத்தது கடற்கரையில் இன்னொரு கடமை நேரம். சக்கர நாற்காலி மணலில் புதைந்திருக்கும், ஒரு கண் அலையில் நிற்கும் பிள்ளைகள்மீது இருந்திருக்கும், மறு கண் மாமியின் மருந்து நேரத்தைப் பார்த்திருக்கும். அப்படியிருக்க, கடல் உங்கள் முன்னால் இருந்தும் அதைப் பார்க்க உங்களுக்கு இடம் கிடைத்திருக்காது.

முதலில் அந்த எரிச்சலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதுதான் உங்களை அதிகம் வருத்துகிறது என்று நினைக்கிறேன். பிறரைப் பராமரிப்பவர்களிடம் காணப்படும் இந்தத் தேய்வை (burnout) நியூயோர்க்கில் இலவச மருத்துவ நிலையம் ஒன்றில் பணியாற்றிய ஹேர்பேர்ட் பிரொய்டன்பேர்கர் என்ற உளவியலாளர் 1974இல் எழுத்தில் விவரித்தார். பின்னர் கிறிஸ்டினா மஸ்லாக் அதை மூன்று கூறுகளாகப் பிரித்துக் காட்டினார்: உணர்வு வற்றிப்போதல், நோயாளரை ஒரு மனிதராகப் பார்க்க முடியாமல் கட்டில் இலக்கமாகப் பார்க்கத் தொடங்குதல், நாம் செய்வதால் ஒரு பயனும் இல்லை என்று தோன்றுதல். உங்கள் எரிச்சல் இரண்டாவது கூறைச் சேர்ந்தது. உலக சுகாதார நிறுவனமும் 2019இல் இதைத் தொழில் சார்ந்த ஒரு நிலையாகவே வகைப்படுத்தியது, நோயாக அல்ல. ஆகவே உங்கள் மனம் கல்லாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். ஓய்வின்றிக் கொடுத்துக்கொண்டேயிருந்த மனம் தன்னைக் காத்துக்கொள்ள ஒரு கதவைச் சாத்தியிருக்கிறது.

மரமும் நீரும் இதற்கு எப்படி உதவுகின்றன? சேலைன் துளியை எண்ணுவது, முனகல் சத்தத்துக்குக் காது கொடுப்பது, மருந்தின் அளவைத் திரும்பச் சரிபார்ப்பது ஆகிய எல்லாமே வலிந்து செலுத்தும் கவனம். அது உடலின் தசையைப் போலவே களைக்கும். அலை, இலையசைவு, மேகம் போன்றவை நம்மிடம் எதையும் கேட்காமல் கண்ணை இழுப்பதால், வலிந்து செலுத்திய அந்தக் கவனத்துக்கு ஓய்வு கிடைக்கிறது என்று ரேச்சல், ஸ்டீபன் கப்லான் தம்பதியர் விளக்கினர். இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வில், வாரம் 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் இருந்தவர்கள் தங்கள் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருப்பதாகக் கூடுதலாகத் தெரிவித்தார்கள். அந்த நேரம் ஒரே தடவையாக அமைந்தாலும் துண்டு துண்டாக அமைந்தாலும் வேறுபாடு தெரியவில்லை. நலமாக இருப்பவர்களே அதிகம் வெளியே போகவும் கூடும் என்பதால் 120 என்ற எண்ணை மருந்துச் சீட்டுப்போல எடுத்துக்கொள்ள வேண்டாம். துண்டு நேரமும் பயன்படும் என்பதே உங்களுக்கு வேண்டிய செய்தி.

ஆகையால் இடத்தைத் தேடுவதற்கு முன் ஓர் ஆளைத் தேடுங்கள். வாரத்தில் இரண்டு நாள், 40 நிமிடம், மாமிக்கு அருகில் உங்கள் கணவரோ மைத்துனியோ நம்பிக்கையான அயலவரோ இருக்க வேண்டும்; அந்த 40 நிமிடமும் உங்களுக்கு அழைப்பு வரக்கூடாது. "நேரம் கிடைத்தால் பார்க்கிறேன்" என்று சொல்பவரை நம்பாமல், வைத்தியசாலை விடுதியில் கடமைப் பட்டியல் போடுவதைப் போலவே நாளையும் பெயரையும் கலண்டரில் எழுதித் தொங்கவிடுங்கள். என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் தடுக்கி நின்றது இந்த இடத்தில்தான். பிறரிடம் கேட்பதையே குற்றம்போல உணர்கிறார்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, இரவுக் கடமை முடிந்த கையோடு சூரிய உதயம் பார்க்கப் போகாதீர்கள். அந்த வெளிச்சம் மூளையை விழிக்கச் செய்து, உங்களுக்கு மிக அவசியமான பகல் உறக்கத்தைக் கெடுக்கும். அத்தகைய நாட்களில் நேரே வீட்டுக்குப் போய் உறங்கிவிட்டு, மாலையில் உட்துறைமுக வீதியோரம் நீர்மேல் சூரியன் இறங்குவதைப் பார்த்தபடி நடக்கலாம். கடமையில்லாத நாளின் அதிகாலைக்கு டச் பே கடற்கரை நல்லது. நடைக்கு வருபவர்கள் இருப்பதால் தனியாக இருக்கும் அச்சமும் இராது. கச்சான் என்னும் வறண்ட வெப்பக் காற்று வீசும் மாதங்களில் வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள். கார்த்திகை, மார்கழியில் கடல் கொந்தளிக்கும்போது பிரட்ரிக் கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்குப் போகும் பாதையில் மரங்களின் கீழ் புள்ளிமான்கள் மேய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். நகருக்கு வெளியே காட்டோரங்களில் யானை நடமாட்டம் உண்டு; அங்கே தனியாகப் போக வேண்டாம்.

போன இடத்தில் முதல் 10 நிமிடம் ஒன்றும் செய்யாதீர்கள். படம் எடுப்பது, பிரார்த்தனை, எத்தனை அடி நடந்தோம் என்ற கணக்கு எதுவும் வேண்டாம். வெளியே போகவே முடியாத வாரம் வந்தால் வீட்டு முற்றமும் போதும். நோயாளியான கணவரைப் பல ஆண்டுகள் பராமரித்த ஒரு தாய், கிணற்றடி வேம்பின் கீழ் ஒரு பலகையில் அமர்ந்து, தன் மடியில் விழும் வேப்பம் பூக்களைத் தட்டிவிடாமல் இருப்பதையே தன் பயிற்சியாக வைத்திருந்தார். எதையும் உடனே துடைத்துச் சுத்தமாக்கிப் பழகிய கைகளுக்கு அது எவ்வளவு கடினமானது என்பதை நீங்கள் அறிவீர்கள்.

கடற்கரையில் அழுகை வந்தால் அடக்க வேண்டாம். சங்கப் பாடல்களில் கடற்கரையான நெய்தல் நிலத்துக்கு, வருந்தி ஏங்கும் இரங்கலை உரிப்பொருளாக வைத்தவர்கள் நம் முன்னோர். அதேவேளை, 2004 டிசம்பர் 26 சுனாமியில் உறவுகளை இழந்த குடும்பங்கள் நிறைந்த ஊர் இது. அலைச் சத்தம் கேட்டதும் நெஞ்சு படபடத்தால் கடலுக்குப் போகக் கட்டாயமில்லை. தம்பலகாமத்து வயல்வெளியும் உங்களுக்கு அதையே தரும்.

இவையெல்லாம் நீங்களாகச் செய்துகொள்ளக்கூடிய ஆறுதல்கள். இயற்கைச் சூழலில் பயிற்சி பெற்ற உளவளத்துணையாளர் சிறு குழுவை வழிநடத்தி, பல வாரங்கள் தொடர்ந்து நடத்தும்போதுதான் இதைச் சிகிச்சை என்று சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் உறக்கமின்மையோ எதிலும் பற்றின்மையோ நீடித்தால் மனநல வைத்தியரைப் பாருங்கள். உயிரை விடும் எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திராமல் தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ அழையுங்கள். ஆட்பற்றாக்குறையால் தொடர்ந்து மேலதிகக் கடமை விழுகிறதென்றால் அதை எந்த மரநிழலும் சரிசெய்யாது. விடுதிப் பொறுப்புத் தாதியிடம் எழுத்தில் தெரிவியுங்கள்.

மாமியையும் வெளியே கூட்டிச் செல்லுங்கள், ஆனால் வேறொரு நாளில், மணலைத் தவிர்த்துச் சக்கரம் சீராக உருளும் வீதியோரமாக. அன்று நாற்காலியை உங்கள் கணவர் தள்ளட்டும்.