அமெரிக்கா கிறிஸ்தவ நாடாகவே நிறுவப்பட்டதா? மூல ஆவணங்கள் என்ன சொல்கின்றன?

எந்த ஆவணத்தைக் கையில் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து இக்கேள்விக்கான விடை மாறும். அவற்றை வரிசையாகப் படித்துப் பார்த்த பிறகு எனக்குப் பட்டதை எழுதுகிறேன்.

1776ஆம் ஆண்டின் சுதந்திரப் பிரகடனத்தில் 'இயற்கையின் கடவுள்', 'சிருஷ்டிகர்த்தா', 'உலகின் உன்னத நீதிபதி', 'தெய்வப் பராமரிப்பு' என நான்கு இடங்களில் இறைவன் குறிக்கப்படுகிறார்; கடைசி இரண்டும் அதை எழுதிய தாமஸ் ஜெஃபர்சனின் வரைவில் இல்லாமல், காலனிகளின் பிரதிநிதிகள் அவையான காங்கிரஸ் விவாதித்துச் சேர்த்தவை. இயேசுவின் பெயர் எங்கும் இல்லை. அடிமை வணிகத்தைக் கண்டிக்கும் பத்தி ஒன்று வரைவில் இருந்தது. அதில், அடிமை வணிகத்தை ஒரு போர் என்றே சொல்லி, மத நம்பிக்கையற்றோருக்கே இழுக்கான இந்தப் போரை நடத்துபவர் பிரிட்டனின் 'கிறிஸ்தவ' மன்னர் என்று, அச்சொல் தனித்துத் தெரியும்படி ஜெஃபர்சன் குத்திக்காட்டியிருந்தார். எழுதியவரே அடிமைகளை வைத்திருந்தவர் என்பது ஒருபுறமிருக்க, காங்கிரஸ் அப்பத்தியை முழுவதுமாக நீக்கிவிட்டது.

1787இல் எழுதப்பட்ட அரசமைப்புச் சட்டத்திலோ கடவுளையே காணோம். அரசுப் பதவி எதற்கும் மதத் தகுதி கேட்கக் கூடாது என்று அதன் ஆறாம் பிரிவு சொல்கிறது. அதைக் கிறிஸ்தவ ஆவணம் என வாதிடுவோர், குடியரசுத் தலைவர் ஒரு மசோதாவைப் பரிசீலிக்கும் பத்து நாள் கணக்கில் ஞாயிறு விலக்கப்பட்டிருப்பதையும், கடைசியில் 'நம் ஆண்டவரின் ஆண்டு' என்று தேதியிடப்பட்டிருப்பதையும் காட்டுவர். ஞாயிறு விலக்கு கிறிஸ்தவச் சமூகத்தின் வழக்கம்தான், மறுப்பதற்கில்லை. தேதியை வைத்து வாதிடுவதுதான் எனக்கு வலுவாகப் படவில்லை, 'கி.பி.' என்று எழுதும் எவரையும் அதற்காக நாம் கிறிஸ்தவராகக் கொள்வதில்லையே. இந்த மௌனம் கவனக்குறைவால் நேர்ந்ததும் அன்று. அரசமைப்பை வகுத்த மாநாட்டில் பங்கேற்றுப் பின்னர் அச்சட்டத்தையே எதிர்த்த மேரிலாந்தின் லூதர் மார்ட்டின், கிறிஸ்தவ நாட்டில் கிறிஸ்தவருக்கும் நம்பிக்கையற்றோருக்கும் ஏதாவது வேறுபாடு காட்டுவது நாகரிகமாக இருக்கும் என்று எண்ணும் 'பழம்போக்கினர்' சிலரும் அங்கே இருந்ததாக அப்போதே எள்ளலாக எழுதினார்.

மதச்சார்பின்மை பேசுவோர் வசதியாகக் கடந்துபோகும் பக்கமும் ஒன்று உண்டு. டெலவேர் மாநிலத்தின் 1776ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதவியேற்பவர் பிதா, சுதன், பரிசுத்த ஆவி மீதான விசுவாசத்தை அறிக்கையிட வேண்டியிருந்தது. மாசசூசெட்ஸில் புராட்டஸ்டன்ட் போதகர்களைப் பொதுவரியால் ஆதரிக்கும் ஏற்பாடு 1833 வரை நீடித்தது. அரசு ஒரு மதத்தை நிறுவுவதைத் தடுக்கும், 1791இல் வந்த அரசமைப்பின் முதல் திருத்தமும் அன்று கூட்டாட்சியின் காங்கிரஸை மட்டுமே கட்டுப்படுத்தியது. ஆகவே, கூட்டாட்சிச் சட்டத்தின் மௌனத்துக்கு, மதத்தை மாநிலங்களின் பொறுப்பில் விட்டதும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1864இல், அரசமைப்பின் முகப்புரையில் கடவுளையும் இயேசு கிறிஸ்துவையும் சேர்க்கக் கோரி ஒரு கிறிஸ்தவக் குழுவினர் லிங்கனிடம் முறையிட்டனர். அச்சட்டத்தில் கிறிஸ்துவுக்கு இடமில்லை என்பதுதான் அவர்களுடைய குறையே.