ரேகையும் பொய் சொல்லுமா? – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

ஸ்பெயின் நாட்டு மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் அமெரிக்க வக்கீல் ஒருவர் தவறாகக் கைதானதைப் போன வாரம் போகிறபோக்கில் சொல்லியிருந்தீர்கள். அவர் முஸ்லிம், அதனால் மாட்டிவிட்டார்கள். இதை ஏன் ‘மனச்சாய்வு’ என்று பூசி மெழுக வேண்டும்? நான் இருபது வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். சாட்சி பிறழும், கைரேகை பிறழாது. யாரோ வேண்டுமென்றே பொய் சொல்லியிருக்கிறார்கள்.

கே., கோவில்பட்டி

அன்புள்ள கே.,

பொய் என்றால் சுலபம். சொன்னவனைப் பிடித்து உள்ளே போட்டுவிடலாம். இங்கே யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் சிக்கல்.

2004 மார்ச் 11 அன்று குண்டுகள் வெடித்தன. குண்டை வெடிக்கவைக்கும் டெட்டனேட்டர்கள் இருந்த பிளாஸ்டிக் பையில் ஒரு விரல் ரேகை கிடைத்தது. அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.யின் கணினி கிட்டத்தட்ட ஒத்துப்போகிற இருபது பேரைக் காட்டியது. நாலாவது ஆள் ஓரிகன் மாநிலத்து வக்கீல் பிராண்டன் மேஃபீல்ட். ரேகை அவருடையதுதான் என்று மூன்று நிபுணர்கள் சொன்னார்கள். கைதுக்குப் பிறகு நீதிமன்றம் நியமித்த நிபுணரும் அதையே சொன்னார். ஸ்பெயின் போலீஸ் ஏப்ரலிலேயே ‘ஒத்துப்போகவில்லை’ என்று எழுதியும் பலனில்லை. மே 6 அன்று கைது. இரண்டு வாரத்தில் ரேகை ஓர் அல்ஜீரியருடையது என்று ஸ்பெயின் கண்டுபிடித்ததும் விட்டுவிட்டார்கள். மன்னிப்பும், 2006இல் இருபது லட்சம் டாலரும் கொடுத்தார்கள்.

மதத்துக்கு வருகிறேன். முதலில் ‘பொருந்துகிறது’ என்று முடிவு செய்தபோது அவர் முஸ்லிம் என்பது அந்த நிபுணர்களுக்குத் தெரியாது. அமெரிக்க நீதித் துறையின் விசாரணை அறிக்கை இதைச் சொல்கிறது. ஸ்பெயின் மறுத்த பிறகும் திரும்பிப் பார்க்காமல் இருந்ததில் மதத்துக்குப் பங்கு இருந்திருக்கலாம் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. உங்கள் கோபம் பாதி சரி.

மீதிப் பாதிக்கு என் வீட்டுக்கு வாருங்கள். பின்கட்டுச் சுவரில் ஓதம் அடித்து ஒரு கறை. ஆறு மாதம் அது வெறும் கறையாகத்தான் இருந்தது. ஒருநாள் பேத்தி, “தாத்தா, பிள்ளையார்!” என்றாள். அதோடு சரி. தும்பிக்கை தெரிகிறது, காது தெரிகிறது, கொஞ்சம் முயன்றால் கொழுக்கட்டைகூடத் தெரிகிறது. இனி வெள்ளையடித்தால்தான் போகும்.

அங்கே நடந்ததும் இதுதான். கோடு முடிகிற இடம், கவடாகப் பிரிகிற இடம் என்று பத்துப் புள்ளிகள் வரை உண்மையிலேயே ஒத்துப்போயின. அபூர்வமான ஒற்றுமை அது. அப்புறம் மேஃபீல்டின் தெளிவான ரேகையைப் பார்த்துவிட்டு, பையில் இருந்த மங்கல் ரேகைக்குத் திரும்பி, அங்கே இல்லாத புள்ளிகளையும் ‘கண்டார்கள்’. இரண்டாவது, மூன்றாவது நிபுணர்களுக்கு முதல் நிபுணரின் முடிவு தெரியும். பேத்தி ஏற்கெனவே சொல்லிவிட்டாள்!

இதை இடியெல் ட்ரோர் என்ற உளவியலாளர் சோதித்துப் பார்த்தார். ஐந்து ரேகை நிபுணர்கள். வருடங்களுக்கு முன் அவர்களே ‘பொருந்துகிறது’ என்று சொன்ன ஜோடியை, மேஃபீல்ட் வழக்கின் தவறான ஜோடி என்று சொல்லிக் கொடுத்தார். மூன்று பேர் ‘பொருந்தவில்லை’ என்றார்கள், ஒருவர் ‘சொல்ல முடியாது’ என்றார். ஒரே ஒருவர்தான் பழைய முடிவில் நின்றார். ரேகை அதே ரேகை. சாய்வு ஆளை மாட்டிவிடவும் செய்யும், விடுவிக்கவும் செய்யும் போலிருக்கிறது.

கிடைத்த ரேகையின் புள்ளிகளை முதலில் குறித்து வைத்துவிட்டு, பிறகுதான் சந்தேக ஆளின் ரேகையைப் பார்க்க வேண்டும் என்று எஃப்.பி.ஐ. பின்னாளில் நடைமுறையை மாற்றிக்கொண்டது. நம் ஊரில் அடையாள அணிவகுப்பை விசாரணை அதிகாரி இல்லாமல் மாஜிஸ்திரேட் நடத்துவதும் ஏறக்குறைய இந்தக் காரணத்துக்காகத்தான்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இருபது வருடத்தில் ரேகை நிபுணர் கூண்டில் ஏறியபோதெல்லாம், “எந்த ரேகையை முதலில் பார்த்தீர்கள்?” என்று எந்த வக்கீலாவது குறுக்கு விசாரணையில் கேட்டிருக்கிறாரா? ஞாபகம் இருந்தால் எழுதுங்கள்.