பி1-ஐப் பார்த்து மனையை விற்காதீர்கள்

அம்மா, மகளின் பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டையும் ஆர்வத் தேர்வு ரிப்போர்ட்டையும் பார்த்தேன். கணக்கு 76, பி1. ஆங்கிலம் 88, அதுவும் பி1. "கணக்கில் பி வாங்கினவளுக்குக் கவுன்சலிங்கில் என்ன கிடைக்கும்? மனையை விற்று மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் போடு" என்கிறாராம் அவளுடைய பெரியப்பா. உங்கள் கவலை புரிகிறது. ஆனால் பெரியப்பா கிரேடைத் தப்பாகப் படித்திருக்கிறார்.

அவர் மனதில் இருப்பது சிசிஇ (தொடர் மதிப்பீட்டு முறை) காலத்துச் சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு அட்டவணை: 91 முதல் 100 வரை ஏ1, 71 முதல் 80 வரை பி1. பன்னிரண்டாம் வகுப்பில் சிபிஎஸ்இ அப்படிக் கிரேடு போடுவதில்லை. ஒரு பாடத்தில் பாஸானவர்களை மதிப்பெண் வரிசையில் நிறுத்தி எட்டாகப் பிரிக்கிறது. முதல் எட்டில் ஒரு பங்கு ஏ1, அடுத்தது ஏ2, மூன்றாவது பி1. அதனால்தான் 76-க்கும் 88-க்கும் ஒரே கிரேடு. கணக்கில் பாஸானவர்களில் எட்டில் ஐந்து பங்கினர் உங்கள் மகளுக்குப் பின்னால் நிற்கிறார்கள். இன்னொன்று, பொறியியல் கவுன்சலிங்கில் கிரேடை யாரும் கேட்பதே இல்லை. கணக்கு மார்க் முழுசாக, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதியாக, மொத்தம் 200-க்குக் கட் ஆஃப். அவ்வளவுதான்.

இனி அந்த ரிப்போர்ட். கணினி 4.1, புள்ளியியல் 3.9, ஆகவே கணினி என்று முடித்திருக்கிறார்கள். துறைக்குப் பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5. அப்படியானால் 0.2 என்பது மொத்தத்தில் இரண்டு புள்ளி. இரண்டு கேள்வியில் '4' போட்ட இடத்தில் '5' போட்டிருந்தால் வித்தியாசம் காணாமல் போயிருக்கும். தவிர, கேள்விகள் எல்லாமே "எனக்குப் பிடிக்கும்" என்று முடிகின்றன. அப்படிக் கேட்டால் பிள்ளைகள் யோசிக்காமல் '4' போட்டுக்கொண்டே போவார்கள். நடுவில் "எனக்குப் பிடிக்காது" என்கிற மாதிரி எதிர்மறைக் கேள்விகள் வைக்காத தேர்வின் தசம எண்ணை நான் நம்பமாட்டேன். கிரிக்கெட் ஸ்கோர்களைத் தானாக அட்டவணை போட்டுச் சராசரி பார்க்கிறாள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அது எனக்குப் பெரிய சாட்சி.

அதனால் பி.எஸ்சி. புள்ளியியல். சென்னையில் மாநிலக் கல்லூரி, லயோலா, கிறிஸ்தவக் கல்லூரி ஆகியவற்றில் இந்தப் படிப்பு உண்டு. நிகழ்தகவில் தொடங்கி, பரவல்கள், மதிப்பிடல் (எஸ்டிமேஷன்), கருதுகோள் சோதனை, மாதிரி எடுப்பு (சாம்ப்ளிங்), சோதனை வடிவமைப்பு என்று போகும். கூடவே 'ஆர்' அல்லது 'பைத்தான்' என்ற கணினி மொழி பழக வேண்டும். முதல் வருஷம் பிள்ளைகள் தடுமாறுவது தொகை நுண்கணிதத்தில். பன்னிரண்டாம் வகுப்பு இன்டெக்ரேஷனை இந்த விடுமுறையிலேயே மறுபடி போட்டுப் பார்க்கட்டும். 'டேட்டா சயின்ஸ்' என்று பெயர் மட்டும் வைத்த படிப்புகளில் ஏமாறாதீர்கள். சிலபஸை வாங்கி, மாதிரி எடுப்புக்கும் மதிப்பிடலுக்கும் தனித்தனித் தாள் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது மென்பொருள் பயிற்சிதான்.

டிகிரி முடித்தால் யுபிஎஸ்சி நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு எழுதலாம். வயது 21 முதல் 30. பட்டப்படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்தாலே போதும், பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் மட்டும் வைத்துக்கொண்டு அந்த வாசலுக்குள் நுழைய முடியாது. எழுத்துத் தேர்வின் 1000 மதிப்பெண்ணில் 800 புள்ளியியல் தாள்களுக்கு. மருந்துச் சோதனை நிறுவனங்கள், காப்பீட்டுக் கணிப்பு, தேர்வு நடத்தும் அமைப்புகள் என்று வெளியிலும் வேலை உண்டு. கடைசியாகச் சொன்ன இடத்தில் ஒரு கேள்வி எவ்வளவு கடினம், கெட்டிக்காரரையும் மற்றவரையும் அது பிரித்துக் காட்டுகிறதா, காலை ஷிஃப்ட் மதிப்பெண்ணை மாலை ஷிஃப்ட்டோடு எப்படிச் சமன் செய்வது என்பதே வேலை. நமக்குக் கீழே எத்தனை சதவீதம் பேர் என்று சொல்லும் பெர்சென்டைல் இப்படித்தான் பிறக்கிறது. அதையும் மதிப்பெண் சதவீதம் என்று படிக்கும் வீடுகள் ஏராளம்.

மனை விஷயத்தில் வளைந்துகொடுக்க மாட்டேன். மேனேஜ்மென்ட் கோட்டா சீட்டுக்கு நன்கொடை என்று கேட்பது தமிழ்நாட்டில் 1992 சட்டப்படி குற்றம். அதற்கு ரசீது தரமாட்டார்கள். ரசீது இல்லாத பணத்துக்கு வங்கிக் கடன் கிடையாது. அவள் இரண்டாம் வருஷம் பிடிக்கவில்லை என்று வந்தாலும் அது திரும்பாது. அரசு கலைக் கல்லூரி விண்ணப்பத்தில் மொழிப் பாடங்களைத் தவிர்த்த நான்கு பாட மார்க்கைத்தான் தரவரிசைக்கு எடுப்பார்கள். அவளையே கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கல்லூரிகளை எந்த வரிசையில் போடுவது என்பதையும் பெரியப்பா அல்ல, அவளே எழுதட்டும்.