மானிட்டர்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கேம் ஆடுவதற்காக 27 அங்குல, 1440பி, 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினேன். பழைய 60 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். ஹெர்ட்ஸ் என்பது திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்ற கணக்கு. உங்கள் மானிட்டர் இன்னமும் 60 ஹெர்ட்ஸிலேயே ஓடிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். புது மானிட்டரைச் செருகியதும் விண்டோஸ் பல சமயம் 60-ஐத்தான் எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று வரிசையாகப் போய், ரெஃப்ரெஷ் ரேட்டில் 165-ஐத் தேர்ந்தெடுங்கள். பிறகு மவுஸ் அம்புக்குறியை வேகமாக வட்டமடிக்க விடுங்கள். 60-இல் அம்புகள் இடைவெளி விட்டுத் தனித்தனியாகத் தெரியும். 165-இல் நெருங்கி, ஒரு கோடு மாதிரி வரும்.

பட்டியலில் 165-ஏ இல்லையென்றால் கோளாறு கேபிளிலோ போர்ட்டிலோ இருக்கிறது. எச்டிஎம்ஐ 2.0-இல் 1440பி வழக்கமாக 144 ஹெர்ட்ஸ் வரைதான் வரும், பழைய 1.4-இல் அதுவும் வராது. டிஸ்ப்ளேபோர்ட் 1.2 இருந்தாலே 165-க்குப் போதும். கிராஃபிக்ஸ் கார்டு சும்மா கிடக்க, கேபிள் மதர்போர்டில் செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் அடிக்கடி நடப்பதுதான். நிமிர்த்தி வைத்த கேபினெட்டின் பின்புறம், கீழே படுக்கைவசமாக இருக்கும் போர்ட்கள்தான் பெரும்பாலும் கார்டுக்கு உரியவை.

எல்லாம் சரியாக இருந்தும் பலனில்லை என்றால், கேமில் நொடிக்கு எத்தனை ஃப்ரேம் வருகிறது என்று பாருங்கள். 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் 16.7 மில்லிநொடி திரையில் நிற்கும். 165-இல் சுமார் 6 மில்லிநொடிதான். கார்டே 65 ஃப்ரேம்தான் தருகிறது என்றால் மானிட்டர் என்ன செய்யும்? கேமில் 60 ஃப்ரேம் வரம்பு இருந்தால் எடுத்துவிடுங்கள். நிழல், பிரதிபலிப்பு போன்றவற்றை ஒரு படி இறக்குங்கள். கார்டின் ஃப்ரேம் வேகத்துக்கு ஏற்ப மானிட்டரை ஓட வைக்கும் ஃப்ரீசிங்க் அல்லது ஜி-சிங்க் வசதியை மானிட்டர் மெனு, கார்டின் டிரைவர் இரண்டிலும் பாருங்கள். ஒன்றில் மட்டும் ஆன் செய்தால் வேலை செய்யாது.

கேள்வி: ஐபிஎஸ், விஏ என்ற இரண்டு வகைப் பேனல் மானிட்டர்களின் பெட்டியிலும் ‘1 மி.நொ.’ என்றே போட்டிருக்கிறது. அப்படியானால் எதை வாங்கினாலும் ஒன்றுதானா?

பதில்: பிக்சல் நிறம் மாற எடுக்கும் நேரம் அது. அந்த எண்ணை நம்பி வாங்காதீர்கள். பிக்சலின் நிறமாற்றத்தை விரைவாக்கும் ஓவர்டிரைவ் என்ற அமைப்பை உச்சத்தில் வைத்து அளந்த கணக்காக அது இருக்கக்கூடும். அந்த நிலையில் ஆடினால் ஓடும் உருவத்துக்குப் பின்னால் வெளிறிய நிழல் ஒன்று தொடரும். ஓவர்டிரைவை நடுவில் வையுங்கள். விஏ பேனலின் கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) 3000:1 அளவில் இருக்கும், ஐபிஎஸ்ஸில் 1000:1 அளவில். அதனால் விஏ-வில் கறுப்பு கறுப்பாகவே தெரியும். ஆனால் இருட்டுக் காட்சியில் திரும்பும்போது பல விஏ பேனல்களில் கறுப்பு மை இழுத்ததுபோல் படரும். சுடும் போட்டி என்றால் ஐபிஎஸ். விளக்கை அணைத்துவிட்டு நிதானமாகக் கதை கேம் ஆடுபவருக்கு விஏ.

கேள்வி: திரையில் பளிச்சென்று இருக்கும் போட்டோ, பிரிண்டில் இருண்டு வருகிறது. அடோபி ஆர்ஜிபி 99% மானிட்டர் வாங்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. உங்கள் சிக்கல் நிறத்தில் இல்லை, பிரைட்னஸில். பெட்டியிலிருந்து எடுத்த மானிட்டர் 250 நிட்ஸுக்கு (திரை வெளிச்சத்தின் அலகு) மேல் ஒளிர்வது சாதாரணம். அந்த வெளிச்சத்தில் படத்தைத் திருத்தினால் நம்மை அறியாமலேயே படத்தை இருட்டாக்கிவிடுவோம். போட்டோ வேலைக்கு 80 முதல் 120 நிட்ஸ் போதும்.

முறையாகச் செய்ய, திரையின் நிறத்தையும் வெளிச்சத்தையும் அளக்கும் கேலிபரேட்டர் என்ற கருவி வேண்டும். மானிட்டரை அரை மணி நேரம் ஓடவிட்ட பிறகு, வெள்ளை 6500 கெல்வின், காமா 2.2, பிரைட்னஸ் 100 நிட்ஸ் என்று இலக்கு வைத்து அளவிடுங்கள். நைட் லைட், டைனமிக் கான்ட்ராஸ்ட் இரண்டையும் அதற்கு முன்பே அணைத்துவிட வேண்டும். அளவீட்டின் முடிவில் திரையின் நிறக் குறிப்புகள் அடங்கிய புரொஃபைல் உருவான பின் மானிட்டர் பொத்தானைத் தொடக்கூடாது. தொட்டால் மறுபடி முதலிலிருந்து. கருவி இல்லையா? பிரிண்டைப் பார்க்கும் அதே விளக்கடியில், திரைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். வெற்று வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திரையில் திறந்து, இரண்டும் ஒரே அளவு வெளிச்சமாகத் தெரியும்வரை பிரைட்னஸைக் குறையுங்கள். துல்லியமில்லாவிட்டாலும் இருண்ட பிரிண்ட் தொல்லை பெரும்பாலும் இதிலேயே தீரும்.

அடோபி ஆர்ஜிபி விஷயம் வேறு. அது, வழக்கமான எஸ்ஆர்ஜிபி-யைவிட அகன்ற நிறப்பரப்பு. நல்ல இன்க்ஜெட் பிரின்டரில் நீங்களே பிரிண்ட் எடுத்தால் அது பயன்படும். இணையத்தில் போடுவதற்கு எஸ்ஆர்ஜிபி முழுதாக இருந்தால் போதும். அகன்ற நிறப்பரப்புள்ள திரையில், நிற நிர்வாகம் இல்லாத மென்பொருள்கள் முகத்தைத் தக்காளி மாதிரி காட்டும். அதைத் தவிர்க்க எஸ்ஆர்ஜிபி மோடு இருக்கிறது. ஆனால் சில மானிட்டர்களில் அந்த மோடுக்குப் போனதும் பிரைட்னஸ் பூட்டிக்கொள்ளும். வாங்கும் முன் கட்டாயம் சோதித்துப் பாருங்கள்.

கேள்வி: நாள் முழுதும் எக்செல்லும் கோடிங்கும்தான். 27 அங்குல 1080பி-யில் எழுத்து சொரசொரவென்று தெரிகிறதே?

பதில்: அந்த அளவில் ஓர் அங்குலத்துக்கு 82 பிக்சல்தான் கிடைக்கும். அதே 27 அங்குலத்தில் 1440பி என்றால் 109, 4கே என்றால் 163. 4கே-யை 150% ஸ்கேலிங்கில் வைத்தால் 1440பி அளவு இடமே கிடைக்கும், ஆனால் எழுத்து அச்சடித்ததுபோல் இருக்கும். நாங்கள் 4கே-யைத்தான் சொல்வோம். 60 ஹெர்ட்ஸே போதும். ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் ஓலெட் திரை வேண்டாம். ஒரே டாஸ்க்பாரும் கட்டங்களும் மாதக்கணக்கில் அசையாமல் நின்றால் தடம் பதியும் அபாயம் உண்டு.

கேள்வி: ‘எச்டிஆர் 400’ என்று ஒரு முத்திரை இருக்கிறது. அதற்காகக் கூடுதலாகச் செலவழிக்கலாமா?

பதில்: வேண்டாம். எச்டிஆர் என்பது அதிக வெளிச்சத்தையும் ஆழ்ந்த கறுப்பையும் ஒரே காட்சியில் காட்டும் முறை. ஆனால் டிஸ்ப்ளேஎச்டிஆர் 400 தரத்துக்கு லோக்கல் டிம்மிங் (திரையின் பின்விளக்கைப் பகுதி பகுதியாக மங்கவைப்பது) கட்டாயமில்லை. அது இல்லாத எல்சிடி திரையில் எச்டிஆர் போட்டால் கறுப்பும் சேர்ந்து வெளிறும்.

கேள்வி: டைப்-சி கேபிள் ஒன்றிலேயே படமும் சார்ஜும் வரும் என்றார்கள். லேப்டாப் சார்ஜ் ஆகிறது, படம் வரவில்லை.

பதில்: எல்லா டைப்-சி போர்ட்டும் படம் அனுப்பாது. போர்ட் பக்கத்தில் டிஸ்ப்ளேபோர்ட் சின்னமோ தண்டர்போல்ட் மின்னலோ இருக்கிறதா, அல்லது லேப்டாப் விவரக்குறிப்பில் அப்படிச் சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், சந்தேகம் கேபிள் மேல்தான். போனோடு வரும் சார்ஜிங் கேபிள்களில் பெரும்பாலானவற்றில் படம் போகாது. மானிட்டரோடு வந்த கேபிளைப் போடுங்கள். படம் வந்தும் 4கே 30 ஹெர்ட்ஸிலேயே நின்றால், மானிட்டர் மெனுவில் யுஎஸ்பி வேகத்தை 3-இலிருந்து 2.0-க்கு இறக்குங்கள். மானிட்டரின் யுஎஸ்பி ஹப்புக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு லேன்களும் (கேபிளுக்குள் தகவல் போகும் பாதைகள்) படத்துக்குத் திரும்பும்; 60 கிடைக்கும்.